உணவுப் பட்டியல் சொல்லாமல் விடுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அண்மையில் திறக்கப்பட்ட ஒரு பிரெஞ்சு உணவகத்திற்குக் கடந்த வெள்ளிக்கிழமை என் தமக்கையாருடன் மதிய உணவுக்குச் சென்றிருந்தேன். உபசரிப்பில் குறையில்லை, ரொட்டிக்காகவும் வெண்ணெய்க்காகவுமே மீண்டும் போகலாம். ஆயினும், அங்கு கண்ட ஒன்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் சைவ உணவு மட்டுமே உண்ணும் தமக்கையார், இறைச்சி என்ற சொல்லே இல்லாத வெங்காய சூப்பைத் தேர்ந்தெடுத்தார். எதற்கும் கேட்டுவிடலாம் என்று நான் விசாரித்தபோது, பணியாளர் சமையலறைக்குப் போய் வந்து, அது மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் செய்யப்பட்டது என்றார். அவர் மீது தவறில்லை. பிரெஞ்சுச் சமையலில் அந்த சூப்பின் வழக்கமான செய்முறையே அதுதான். கன்றின் எலும்புச் சாறு அங்குள்ள பல குழம்புகளுக்கு அடிப்படை. கோம்தே போன்ற புகழ்பெற்ற பாலாடைக்கட்டிகளுக்குப் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதி. பவாருவா என்னும் குளிர்ந்த இனிப்பு இறுகி நிற்பது பன்றி அல்லது மாட்டிலிருந்து பெறப்படும் ஜெலட்டினால். இவை எதுவும் தட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால்தான் பட்டியல் சொல்லவேண்டியிருக்கிறது.

முஸ்லிம் அன்பர்களுக்கு சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் அமைப்பின் ஹலால் சான்றிதழ் வழிகாட்டுகிறது. மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் இந்துக்களுக்கும், கருணைத் தெய்வமான குவான்யின் வழிபாட்டினால் அதை உண்ணாத சீனர் பலருக்கும், புரட்டாசி முழுவதும் சைவமாக இருப்பவர்களுக்கும் அந்த அளவுக்குப் பரவலான துணை இல்லை. ஒவ்வொரு பதார்த்தத்தையும் பணியாளரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். விலையுயர்ந்த இடங்களில் அவ்வாறு துருவிக் கேட்பது நாகரிகமல்ல என்று நம்மவர்கள் கூச்சப்பட்டுப் பேசாமல் உண்டுவிடுவதும் உண்டு.

செய்முறையை மாற்றும்படி எந்தச் சமையல் வல்லுநரையும் நான் கேட்கவில்லை. மாட்டெலும்புச் சாறு இல்லாத அந்த சூப் வேறொரு சூப்பாகிவிடும் என்று அவர் சொன்னால், அது நியாயமே. பதார்த்தத்தின் பெயருக்குக் கீழே, அதில் எலும்புச் சாறோ ஜெலட்டினோ உண்டு என்று சொல்லும் ஒரு வரி போதும். பட்டியலின் அழகு கெடும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் தனி என்பதை அச்சிட அதே பட்டியலில் இடம் இருந்தது. பானங்களில் உள்ள சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும் பொறுத்துத் தரம் குறிக்கும் நியூட்ரி-கிரேட் முறை, 2023 டிசம்பர் 30 முதல் உணவகங்களில் தயாரித்துத் தரப்படும் பானங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டபோது, அதற்கும் பட்டியல்களில் இடம் கிடைத்தது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இணையத்தில் மேசையை முன்பதிவு செய்யும்போது ஒவ்வாமை உண்டா என்று பல உணவகங்கள் ஏற்கெனவே கேட்கின்றன. அதே படிவத்தில் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவரா, எலும்புச் சாறும் ஜெலட்டினும்கூட இல்லாத முழுச் சைவ உணவு வேண்டுமா என்ற இரு கேள்விகளையும் சேர்த்துவிட்டால், விருந்தினர் வந்து அமர்வதற்கு முன்பே சமையலறைக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்