சாரணியர் டெங்கு தடுப்புப் பணி: அக்டோபர் 12, ஞாயிறு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு காலை 6.30 முதல் 9 மணி வரை நம் பிள்ளைகள் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகச் சென்று, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளரும் இடங்களைக் கண்டறிந்து சொல்லப் போகிறார்கள். தெருக்களைப் பிரித்தது, பேச வேண்டியதை எழுதியது எல்லாம் அணித்தலைவிகளே. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் அவர்கள்தான். எனக்கு அதில் மிகுந்த பெருமை.

வீட்டிலும் கவனியுங்கள்: முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை காலி செய்ய வேண்டும். முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

1. சீருடை, ஸ்கார்ஃப், ஷூ, தண்ணீர் பாட்டில், டார்ச்.
2. ஏடிஸ் பகலில் கடிக்கும். கொசு விரட்டி பூசி அனுப்பவும்.
3. காய்ச்சல் இருந்தால் அனுப்ப வேண்டாம்.
4. அணிக்கு இரண்டு பெற்றோர் உடன் வர வேண்டும். பாதுகாப்புக்கு மட்டுமே, வாசலில் பேசுவது பிள்ளைகளின் பொறுப்பு, தயவுசெய்து குறுக்கிட வேண்டாம்.
5. வீட்டுக்குள் யாரும் தனியாகச் செல்லக் கூடாது.
6. கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள்.

மகளின் பெயர், அணி, நீங்கள் உடன் வருவீர்களா என்பதை வியாழன் இரவு 8 மணிக்குள் இங்கேயே பதிலிடுங்கள். துணைக்கு ஆள் கிடைக்காத அணியை அனுப்ப இயலாது.