மட் நிரலை எடுத்துவிடாதே

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அடுத்த முறை வரும்போது என் கணினியிலிருந்து, மின்னஞ்சல் படிக்கவும் அனுப்பவும் உதவும் மட் நிரலை எடுத்துவிட்டு, படமும் பொத்தானுமாக இருக்கும் வேறொன்றைப் போட்டுத் தருவதாக எழுதியிருந்தாய். "இந்தக் கறுப்புத் திரையோடு நீ ஏன் மல்லுக்கட்ட வேண்டும் அம்மா?" என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு, அதை எடுக்காதே. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கை தவறிப் பட்டு ஏதாவது அழிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இந்த நிரலில் அந்தப் பயம் இல்லை. 'டி' விசையை அழுத்தினால் மடலின் பக்கத்தில் 'டி' என்று ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். மடல் அங்கேயேதான் இருக்கிறது. மனம் மாறினால் 'யூ' அழுத்திக் குறியை எடுத்துவிடலாம். நிரலை மூடும்போது, குறித்த மடல்களை உண்மையிலேயே நீக்கிவிடலாமா என்று கேட்ட பிறகுதான் அழிக்கிறது. எல்லாம் குழம்பிவிட்டது போலத் தோன்றினால் 'எக்ஸ்' அழுத்தி வெளியே வந்துவிடுவேன். செய்த மாற்றம் எதுவும் பதிவாகாது. ஒன்றை மட்டும் நீ சொல்லித்தர விட்டுவிட்டாய். சின்ன எழுத்து 'ஜே', 'கே' இரண்டும் அழிக்கக் குறித்த மடல்களைத் தாண்டிப் போய்விடுகின்றன. அந்த மடலுக்கே திரும்பப் போக வேண்டும் என்றால் பெரிய எழுத்தில் அழுத்த வேண்டும். கேள்விக்குறி விசையை அழுத்தினால் வரும் உதவிப் பட்டியலை வரி வரியாகப் படித்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

மடல் எழுதுவதற்கு நீ வைத்துக்கொடுத்த நானோ என்ற சின்ன எழுது நிரல் எனக்குப் போதும். எந்த விசை எதற்கு என்று திரையின் அடியிலேயே காட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் தட்டும்போது மட்டும் கொம்பும் காலும் சில இடங்களில் எழுத்தை விட்டு விலகித் தெரிகின்றன. முனையம் என்கிற அந்தக் கறுப்புத் திரை ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் அடைக்கப் பார்க்கிறது. நம் எழுத்துகள் அதற்குள் அடங்குவதில்லை. கோப்பில் யூனிகோடு சரியாகவே பதிகிறது. உன் திரையில் என் மடல் ஒழுங்காகத் தெரிகிறது என்று நீயே சொன்னாயே, அதன் பிறகு நான் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

எழுதி முடித்து நானோவை விட்டு வெளியே வந்தால் மடல் உடனே போய்விடுவதில்லை. யாருக்கு, என்ன தலைப்பு, என்ன இணைப்பு என்று எல்லாவற்றையும் ஒரு திரையில் காட்டிவிட்டுக் காத்திருக்கிறது. உறையை ஒட்டுவதற்கு முன் முகவரியை ஒருமுறை பார்ப்போமே, அப்படி. 'ஒய்' அழுத்தினால்தான் புறப்படும். பெரிய எழுத்து 'பி' அழுத்தினால் எடுத்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை எழுத உட்காரும்போது, பாதியில் விட்டதைத் தொடரலாமா என்று கேட்கிறது. உன் அப்பாவின் மருத்துவ அறிக்கைகளை அனுப்பும் மடலை இப்படி எடுத்துவைத்து, மறுநாள் காலையில் நிதானமாகப் பார்த்த பிறகு அனுப்பினேன். இணைப்பு இருப்பதாக மடலில் சொல்லிவிட்டுக் கோப்பைச் சேர்க்காமல் அனுப்பப்போனால் எச்சரிக்கும் வசதியும் இருக்கிறது. அது ஆங்கிலச் சொல்லை மட்டும்தான் தேடும். மட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பில் அந்த இடத்தில் 'இணைத்து' என்பதையும் சேர்த்துவைத்திருக்கிறேன்.

ஆமாம், அமைப்புக் கோப்பை நான்தான் மாற்றினேன். பயப்படாதே, முதலில் நகல் எடுத்துவைத்துவிட்டுத்தான் தொட்டேன். நீ எழுதிவைத்த ஒவ்வொரு வரிக்கும் மேலே எண்குறி (#) போட்டு, அந்த வரி என்ன செய்கிறது என்று தமிழில் எழுதியிருக்கிறேன். எண்குறியில் தொடங்கும் வரியை நிரல் படிக்காது என்பது எவ்வளவு பெரிய வசதி! '993 என்பது மடல் வரும் வாசல், 587 என்பது மடல் போகும் வாசல்' என்று எழுதிவைத்த பிறகுதான் அந்த எண்கள் எனக்கு எண்களாக இல்லாமல் பொருளோடு தெரிந்தன. கடவுச்சொல்லை அந்தக் கோப்பில் எழுத வேண்டாம் என்று நீ சொன்னதைக் கடைப்பிடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது கேட்கிறது, நான் தட்டுகிறேன். அதில் எனக்குச் சிரமம் இல்லை.

படங்கள் தெரியாதே என்று வருத்தப்பட்டாய். தெரியாமல் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். விளம்பர மடல்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு படத்தை ஒளித்துவைத்து, நாம் எப்போது திறந்தோம் என்று அனுப்பியவர்கள் தெரிந்துகொள்வார்களாம். இங்கே அந்தப் படம் இறங்கினால்தானே! அலங்கார மடல்களை நீ வைத்த லின்க்ஸ் என்ற எழுத்து மட்டும் காட்டும் உலாவி வெறும் எழுத்தாக மாற்றிக் காட்டுகிறது. அதிலிருக்கும், சொடுக்கினால் வலைப்பக்கம் திறக்கும் இணைப்புகளின் உண்மையான முகவரிகளை எண் போட்டு அடியில் வரிசையாகக் கொடுத்துவிடுகிறது. போன வாரம் வங்கியின் பெயரில் ஒரு மடல் வந்தது. கணக்கை முடக்கப்போவதாகவும், உடனே உள்ளே நுழைந்து விவரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்றும் மிரட்டல். அடியில் பார்த்தால் முகவரிக்கும் வங்கிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'டி' அழுத்திவிட்டு அடுத்த மடலுக்குப் போனேன். பொத்தானுக்குள் அந்த முகவரி மறைந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. உன் அத்தைக்கும் இதை எடுத்துச் சொல்.

பழைய நிரல் என்கிறாய். மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் வெளியிட்டது, பழையதுதான். எனக்கு அதுவே வசதி. இன்று கற்றுக்கொண்ட விசை நாளைக்கு வேறு மூலைக்கு மாறிப்போவதில்லை.

இன்னொன்று. 'எல்' அழுத்தி, அலைக்குறியும் (~) 'எஃப்' எழுத்தும் போட்டு உன் பெயரைக் கொடுத்தால் மற்ற எல்லாம் விலகி, உன் மடல்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ எழுதியவையும் இருக்கின்றன. எவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாய் அப்போதெல்லாம்! இப்போது வருபவை இரண்டு வரி. உனக்கு நேரமில்லை என்பது புரிகிறது, ஆனாலும் கேட்கிறேன்: மாதத்துக்கு ஒன்றாவது நீளமாக எழுது. பதில் எழுதும்போது என் மடல் முழுவதையும் அடியில் ஒட்டி அனுப்பாதே. எந்தக் கேள்விக்குப் பதிலோ, அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு அதன் கீழே எழுது.

நீ வரும்போது, மடல்களைத் தனித்தனி அடைவுகளில் பிரித்துவைப்பதைச் சொல்லிக்கொடு. விசைப்பலகை என் கையில் இருக்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல், நான் தட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா