இரண்டாம் தவணைக் கடிதம்: இலை ஒப்படை பற்றி

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். தவணை முடியப் போகிறது. தமிழ்த்தினப் போட்டியில் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். பரீட்சைப் புள்ளிகளும் பரவாயில்லை. சிரமதானத்துக்கு வந்த எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், தரம் 7 பிள்ளைகளின் இலை ஒப்படை. நம் ஊர் மரங்கள் பத்தின் இலை, காய், பட்டை பார்த்து எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கொப்பிகள் மிக அழகு. ஆனால் பலவற்றில் இலையே இல்லை, இணையத்தில் எடுத்த நிறப்படங்கள்தான். ஒன்றில் மேப்பிள் இலை இருந்தது. அது நம் காட்டு மரமே அல்ல.

பூவரசு இலையையும் சவண்டலை இலையையும் வகுப்பில் வைத்துக் கேட்டேன். இரண்டும் இதய வடிவம், பிள்ளைகள் தடுமாறிவிட்டார்கள். மரத்தடிக்குப் போயிருந்தால் காயே காட்டிக்கொடுத்திருக்கும். பூவரசங்காய் உருண்டை. சவண்டலைக் காய்க்கு இறக்கைகள் உண்டு. மர வியாபாரத்தில் 'திருகோணமலை மரம்' என்றே பெயர் பெற்றது சவண்டலை. அது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

எட்டிப் பழத்தைக் காட்டியபோது, "தோடம்பழம் மாதிரி இருக்கே, சாப்பிடலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அதன் விதை கொடிய நஞ்சு. எட்டி இலையில் அடியிலிருந்தே மூன்று, ஐந்து நரம்புகள் பிரிந்து ஓடும். இதைப் பிள்ளை தன் கண்ணால் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

வேலைக்குப் போய் வந்து, இரவில் விழித்திருந்து நீங்களே படங்களை ஒட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்: பெற்றோர் செய்த ஒப்படைக்கு இனிப் புள்ளி இல்லை. அந்தக் கொப்பிகள் திருப்பி அனுப்பப்படும்.

மூன்றாம் தவணை முதல் வாரத்தில் மறுபடி தரலாம். ஐந்து மரம் போதும். கிளையை முறிக்க வேண்டாம், விழுந்த இலையே போதும். பழைய பத்திரிகைத் தாளுக்குள் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு கிழமை விட்டால் காய்ந்துவிடும். தெரியாத காயை வாயில் வைக்க விடாதீர்கள்.

ஒரு கொப்பியில் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: "பாலை இலையின் நுனி உள்ளே வெட்டின மாதிரி இருக்கும். கிள்ளினால் பால் வரும். பழம் சாப்பிட்டால் உதடு ஒட்டும். அம்மம்மா காட்டினா." அந்த அம்மம்மாவுக்கும், பிள்ளையின் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போன ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
அதிபர்