டப்ளினுக்கு வந்த விருந்தாளிகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறீர்கள் என்று படித்து நிம்மதியடைந்தேன். ஓய்வில் ஆறு நாடுகள் ரக்பிப் போட்டியைப் பார்த்துவிட்டு, கால்பந்தில் இரண்டு அணிகளாக ஆடும் அயர்லாந்து இதில் எப்படி ஒரே அணியாக இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அயர்லாந்தின் ரக்பிச் சங்கம் 1879இல் உருவானது. பிரிட்டனோடு தங்கிய வடக்கு, பிரிந்து சென்ற தெற்கு என்று தீவு பிரிக்கப்பட்டதோ 1921இல். நாடு பிரிந்தபோது சங்கம் பிரியவில்லை, அவ்வளவுதான். வடக்கின் பெல்ஃபாஸ்ட்காரரும் தெற்கின் டப்ளின்காரரும் இன்றும் ஒரே பச்சைச் சட்டையில் ஆடுகிறார்கள். இரு தரப்பாரும் மனம் கோணாமல் பாடுவதற்கென்று 1995இல் தனிப்பாடல் ஒன்றையே உருவாக்கிக்கொண்டார்கள். (மெட்டு எனக்குச் சுமாராகத்தான் படுகிறது.)

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வராமல் இல்லை. 1972 ஜனவரி இறுதியில் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் படையினர் ஊர்வலம் வந்தவர்களைச் சுட்டுக் கொன்றனர்; சில நாட்களிலேயே டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிக்கப்பட்டது. அப்போது இது ஐந்து நாடுகளின் போட்டி. இத்தாலி 2000இல்தான் சேர்ந்தது. பிரான்ஸையும் இங்கிலாந்தையும் அவரவர் மண்ணிலேயே வென்றிருந்த அயர்லாந்து, எஞ்சிய இரு ஆட்டங்களையும் வென்றுவிடலாம் என்று சொந்த ஊரில் காத்திருந்த வேளையில், ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பாதுகாப்பைக் காரணம் காட்டி வர மறுத்தன. அந்த ஆண்டுப் போட்டி முடிவு காணாமலே நின்றுபோயிற்று.

அடுத்த ஆண்டு டப்ளினுக்கு வர வேண்டிய முறை இங்கிலாந்தினுடையது. அஞ்சுவதற்கு மற்ற எவரையும்விட அதிகக் காரணம் இருந்த அணி அது, ஆனாலும் வந்தது. லான்ஸ்டவுன் ரோடு மைதானத்துக்குள் அவர்கள் நுழைந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. விருந்தாளிகள் என்பதற்காக ஆட்டத்தில் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. அயர்லாந்து 18-9 என்ற கணக்கில் வென்றது. அன்றைய விருந்தில் இங்கிலாந்து அணித் தலைவர் ஜான் புல்லின், தாங்கள் அப்படியொன்றும் திறமைசாலிகள் இல்லை என்றாலும் வந்து சேரவாவது செய்தோமே என்று பேசியதை அயர்லாந்துக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அந்த 1973ஆம் ஆண்டின் முடிவைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஐந்து அணிகளும் சொந்த மண்ணில் ஆடிய இரண்டையும் வென்று, வெளியில் ஆடிய இரண்டையும் தோற்றன. புள்ளி வித்தியாசம் பார்க்கும் வழக்கம் அன்று இல்லாததால் பட்டம் ஐந்து பங்காகப் பிரிந்தது. முந்தைய ஆண்டு வராமல் இருந்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு போனதுதான் எனக்கு இன்னும் சற்று உறுத்தலாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்