சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு வணக்கம்.

அண்மையில் எங்கள் பாடசாலையில் சிறுவர் பாதுகாப்புக் கருத்தரங்கு நடந்தது. தரம் 9இற்கு மேற்பட்டவர்களை மண்டபத்தில் இருத்தினார்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இந்த வயதில் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்றார்கள்.

அந்தப் பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று யோசித்தீர்களா? எங்கள் ஊரில் பல தாய்மார் ஆடைத்தொழிற்சாலை பஸ்ஸுக்காக விடியமுன் வெளிக்கிடுகிறார்கள். போரில் கணவனை இழந்தவர்களுக்கு வேறு வழியில்லை. பிள்ளையைப் பார்க்க அம்மம்மா இருந்தால் சரி. இல்லாவிட்டால் பக்கத்து வீடு, அல்லது தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமா. சிறுவர்களுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். நாங்களோ "தெரியாத ஆள் இனிப்புத் தந்தால் வாங்காதே" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். தெரிந்த ஆள் தந்து, "அம்மாவிடம் சொன்னால் உனக்குத்தான் அடி விழும்" என்று வெருட்டினால், ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

சின்னப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் உண்டு, அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிடிக்காத விதத்தில் யார் தொட்டாலும், மாமாவே ஆனாலும், வேண்டாம் என்று சொல்லலாம். ஒருவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல். பிழை உன்னுடையதல்ல. இதில் எதைக் கேட்டுப் பிள்ளை கெட்டுப்போகும்?

இலங்கை 1991இல் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சட்டம் வந்தது. சிறுவர் உதவிக்கான 1929 என்ற அழைப்பு இலக்கம் எங்கள் பாடசாலைச் சுவரிலும் இருக்கிறது. ஆனால் வீட்டிலிருக்கும் ஒரே போன் காலையில் அம்மாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. பிள்ளை தினமும் காணும் பெரிய ஆள் வகுப்பாசிரியைதான். ஒக்டோபர் 1, சிறுவர் தினத்தில் பதாகை கட்டுகிறோம், ஊர்வலம் போகிறோம். ஏதும் நடந்துவிட்டால் குடும்ப மானம் என்று சொல்லி ஊருக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்க்கிறோம். அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: தரம் 1 முதல், வகுப்பாசிரியரே, ஒவ்வொரு தவணையும் இதைச் சொல்லிக்கொடுக்கட்டும். அதற்கு முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வேலைக்குப் போகும் தாய்மாரும் வருவார்கள். சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வரும் தவணையிலேயே தொடங்குமாறு பணிவோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
தரம் 2 மாணவி ஒருத்தியின் தாய்