ஒரு வாளித் தண்ணீரும் ஒரு தாழ்ப்பாளும்: எங்கள் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

சென்ற திங்கட்கிழமை காலை, பெண்கள் கழிவறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்த பிறகே இந்த மடலை எழுத முடிவு செய்தேன். "கழிவறையை உடல் கழுவுவதற்கும் உடை மாற்றுவதற்கும் பயன்படுத்தக் கூடாது" என்று அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பெயர் எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆனாலும் நம் அலுவலகத்தில் மிதிவண்டியில் வந்து உடை மாற்றுகிற பெண் நான் ஒருத்திதான் என்பது அதை எழுதியவருக்கும் தெரியும், ஒட்டியவருக்கும் தெரியும், அன்று அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தவர்களுக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளாக வாய்மொழியாகவும், இருமுறை எழுத்திலும் நான் கேட்டுவந்த ஒன்றுக்கு உங்களிடமிருந்து எழுத்தில் கிடைத்த முதல் பதில் அந்த அறிவிப்புதான்.

நான் கேட்டது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். பின்கட்டில் கிணற்றடியை ஒட்டியுள்ள பழைய குளியலறையைத் திறந்துவிட வேண்டும். அதில் ஒரு வாளி, ஒரு கோப்பை, உள்ளே போடும்படி ஒரு தாழ்ப்பாள், துணி மாட்ட இரண்டு ஆணிகள் இருக்க வேண்டும். இவ்வளவே. ஷவர் கேட்கவில்லை, வெந்நீர் கேட்கவில்லை, ஓடு பதிக்கச் சொல்லவில்லை.

நான் பள்ளத்தூரிலிருந்து கோட்டையூர் வழியாக வருகிறேன். ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். ஏழே முக்காலுக்குப் புறப்பட்டால் எட்டரைக்கு அலுவலக வாசலில் இருப்பேன். "பெண்களுக்குத்தான் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறதே, எதற்கு இந்த வெயிலில் மிதிக்கிறீர்கள்?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போய்வர முடிகிறது. மழை நாட்களில் நானும் அதில்தான் வருகிறேன், நன்றியோடுதான் ஏறுகிறேன். ஆனால் எங்கள் நிறுத்தத்திற்கு வருகிற பேருந்துகளில் ஒன்று என்னை ஒரு மணி நேரம் முன்னதாகக் கொண்டுவந்து விடுகிறது, அடுத்தது இருபது நிமிடம் தாமதமாகக் கொண்டுவந்து விடுகிறது. மூன்று தாமதத்திற்கு அரை நாள் சம்பளம் பிடிப்பது உங்கள் விதி. அது மட்டுமல்லாமல், சர்க்கரை நோய்க்காக நான் பார்க்கிற மருத்துவர் நாள்தோறும் நடக்கவோ மிதிவண்டி ஓட்டவோ சொல்லியிருக்கிறார். விடியுமுன் எழுந்து சமைத்து, படுக்கையில் இருக்கிற மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு வேலைக்குப் புறப்படுகிற எனக்கு, உடற்பயிற்சிக்கென்று தனியாக ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? இந்தப் பத்துக் கிலோமீட்டர்தான் என் உடற்பயிற்சி, என் மருந்து.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் தாய்வீடு திருமயத்திற்குப் பக்கத்தில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரிக்குப் போகிற பெண்களும், வயல்வேலை செய்கிற பெண்களும், என் அத்தையும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். பள்ளிச் சிறுமியாக இருந்த நான் அத்தையின் வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவள். அதே வண்டியில்தான் குரங்குப் பெடல் போட்டு நானும் பழகினேன். மிதிவண்டியில் வருவது எனக்கு ஏழ்மையின் அடையாளமும் அல்ல, வேறு வழியில்லாமல் செய்கிற காரியமும் அல்ல என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இப்போது, அந்தக் கழிவறைக்குள் நாள்தோறும் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அறிவிப்பை எழுதியவர் அதை ஒருமுறையும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன், நினைத்துப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். நான் சுடிதாரில் வருகிறேன். பெண் பணியாளர்கள் ஒன்பது மணிக்குச் சீருடைச் சேலையில் இருக்கையில் இருக்க வேண்டும். அந்தக் கழிவறையின் அகலம் மூன்றடிக்குச் சற்று அதிகம். பெரும்பகுதியை மேற்கத்தியக் கோப்பை பிடித்துக்கொள்கிறது. சுவரில் ஓர் ஆணி கிடையாது. தரை எப்போதும் ஈரம். வியர்வையில் உடம்போடு ஒட்டிய சட்டையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பையைக் கோப்பையின் மூடிமேல் வைத்து, ஈரிழைத் துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து துடைத்துக்கொள்வேன். பிறகு ஐந்தரை மீட்டர் சேலையைத் தரையில் படாமல் கட்ட வேண்டும். முந்தானையைப் பற்களில் கடித்துக்கொண்டு, மீதித் துணியை முழங்கைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் கொசுவம் வைக்க வேண்டும். ஒருமுறை கொசுவம் நழுவி அந்தத் தரையில் விழுந்தது. அலசவும் வழியில்லை, மாற்றுச் சேலையும் இல்லை. கழிவறைத் தண்ணீர் நனைத்த விளிம்போடு அன்று மாலை ஐந்தரை வரை மனிதர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் மதிய உணவைத் தொடவில்லை. வெளியே கதவைத் தட்டுகிறவர்களிடம் நாள்தோறும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் வெளியே வருகிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கழிவறை கழிவறையாகத்தான் இருக்க வேண்டும் என்கிற உங்கள் அறிவிப்பையும் கொள்கையளவில் நான் மறுக்கவில்லை. வேறு இடம் எது என்பதுதான் என் கேள்வி.

சென்ற மாதம் யாரோ என் மேசைமேல் ஒரு சென்ட் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் அதற்கு என் பதிலை இங்கே எழுதுகிறேன். சுரந்த உடனே வியர்வை நாறுவதில்லை. அதில் பெரும்பகுதி நீரும் உப்பும்தான். அக்குள் போன்ற இடங்களில் ஊறுகிற பிசுபிசுப்பான சுரப்பைத் தோலிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது, அதற்குக் கொஞ்ச நேரம் தேவைப்படுகிறது. விடியற்காலையில் தலையோடு குளித்துவிட்டுப் புறப்படுகிற ஒருத்தியிடம் எட்டரை மணிக்கு வாடை இராது. அந்த ஈரத்தைக் கழுவாமல், காற்றுப் புகாத பாலியெஸ்டர் சீருடையை அதன்மேல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் பதினொரு மணிக்கு வரும். அதன்மேல் சென்ட் அடித்தால் இரண்டு வாடையும் சேர்ந்து வரும், பவுடர் போட்டால் ஈரத்தில் திட்டுத்திட்டாகப் படியும். இரண்டு கோடைகளாக நான் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டி வருகிறேன். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதிக்கிறேன். வண்டியை விட்டு இறங்கியதும்தான் வியர்வை அதிகமாகக் கொட்டும் என்பதால் பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்து ஆற விடுகிறேன். படிகாரக் கட்டியை நனைத்து அக்குளில் தேய்த்துக்கொள்கிறேன். இத்தனையும் உதவுகின்றன. ஆனால் கழுத்திலிருந்து கால்வரை தண்ணீர் பட்டு, ஈரம் துடைத்து, உலர்ந்த உடம்பில் உலர்ந்த துணி கட்டுவதற்கு இணையாக இவற்றில் எதுவும் இல்லை. பாதி ஈரத்தோடு உடுத்தியதால் சென்ற கோடையில் வேர்க்குருவும், பிறகு இடுப்பு மடிப்பில் படையும் வந்து, இரண்டு மாதம் களிம்பு போட்டேன்.

நம் அலுவலக ஆண்களில் இருவரும் மிதிவண்டியில்தான் வருகிறார்கள். அவர்கள் மோட்டார் அறைக்குப் பக்கத்துக் குழாயில் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு கோப்பைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் தயாராகிவிடுகிறார்கள். அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. எனக்கு வேண்டியது நான்கு சுவர்களும் ஒரு தாழ்ப்பாளும் மட்டுமே.

அந்த நான்கு சுவர்கள் நம்மிடமே இருக்கின்றன என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நாம் வேலை செய்வது ஒரு பழைய நகரத்தார் வீட்டில். முகப்பும் முற்றத்தைச் சுற்றிய வளவும் இரண்டாங்கட்டும் பின்கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற வீடு. நான்கு பக்கத்துக் கூரையிலிருந்தும் வளவில் விழுகிற மழைநீரை அண்டா அண்டாவாகப் பிடித்துவைத்த வீடு. ஒரு கலியாணமென்றால் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் நாள் கணக்கில் தங்கி, குளித்து, உண்டு உறங்கிய வீடு. வெயிலில் வந்தவர்களை உட்கார்த்தி, கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்த பிறகே வந்த காரியத்தைக் கேட்டது இந்த ஊர் வழக்கம். அப்படிப்பட்ட வீட்டின் குளியலறை இன்று பூட்டிக் கிடக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்: கால் உடைந்த ஏழு நாற்காலிகள், பழைய நாட்காட்டிக் கட்டுகள், ஓடாத ஒரு மின்விசிறி. கருங்கல் தளம் அப்படியே உறுதியாக இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் தூம்பு வாழை மரத்தடிக்குப் போகிறது. சோப்பு வைக்க மாடக்குழிகூட இருக்கிறது.

தண்ணீர்ப் பற்றாக்குறை என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. இந்த மண்ணில் பிறந்தவள் என்கிற முறையில் தண்ணீரின் அருமை எனக்குத் தெரியும். ஊருணியில் குடம் முகந்து சுமந்த தோள் இது. எனக்கு ஒரு நாளைக்குத் தேவை ஒரு வாளி, ஏறத்தாழ பதினைந்து லிட்டர், அதுவும் குடிநீர் அன்று, கிணற்றுத் தண்ணீர். நம் முன்வாசலில் நிற்கிற இரண்டு கார்களும் காலைதோறும் ஹோஸ் குழாயால் கழுவப்படுகின்றன. கார்களுக்குக் கூரை போட்டிருக்கிறீர்கள், கழுவத் தண்ணீர் கொடுக்கிறீர்கள். பத்துக் கிலோமீட்டர் மிதித்து வருகிற பணியாளருக்கு ஒரு வாளி இல்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

இது என் ஒருத்தியின் குறை மட்டும் அன்று, அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். நம் கடைவீதிகளில் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேர் நடந்தும் மிதித்தும் வருகிறார்கள்? வந்து சேர்ந்ததும் முகம் கழுவி உடை மாற்ற அவர்களுக்கு எந்த முதலாளி இடம் ஒதுக்கியிருக்கிறார்? தொழிலாளர் கழுவிக்கொள்ள வசதி வேண்டும், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகவும் மறைவாகவும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 42-ஆம் பிரிவிலேயே எழுதியது. மாற்றுடை வைக்கவும் ஈரத்துணி உலர்த்தவும் இடம் தருவதைப் பற்றி அதன் அடுத்த பிரிவு பேசியது. நம்முடையது தொழிற்சாலை அன்று, ஆகவே அது நமக்குப் பொருந்தாது என்று சொல்வீர்கள், சரி. ஆனால் கடைகளில் நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதைக்கூட 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. உட்கார ஒரு முக்காலிக்கும், கழுவ ஒரு வாளிக்கும், உடை மாற்ற ஒரு தாழ்ப்பாளுக்கும் ஒவ்வொரு முறையும் சட்டமன்றம் கூடியாக வேண்டுமா? வேலை வாங்குகிறவர்களுக்குத் தாமாகவே தோன்றாதா? பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போக அரசு மிதிவண்டி கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அதே வண்டியில் வேலைக்கு வந்தால், அவர்கள் வியர்வையை நாம் குற்றமாக எழுதிக் கதவில் ஒட்டுகிறோம்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கோரிக்கைக்கு வருகிறேன்.

பின்கட்டுக் குளியலறையைக் காலை எட்டரை முதல் ஒன்பது வரையாவது பெண் பணியாளர்களுக்குத் திறந்துவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நாற்காலிகளையும் நாட்காட்டிகளையும் அகற்ற ஓர் ஆள் அரை நாள் வேலை செய்தால் போதும். அதற்கும் ஆளில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து ஒழித்துக் கழுவித் தருகிறேன். வாளியும் கோப்பையும் நான் வாங்கிக்கொள்கிறேன். உட்பக்கத் தாழ்ப்பாள் துருப்பிடித்து உடைந்திருக்கிறது. அதை மட்டும் நிர்வாகம் மாற்றித் தர வேண்டும். காலையில் கழற்றிய துணியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்துவைத்தால் மாலையில் புளித்த வாடை அடிக்கிறது, அதையே மறுபடியும் உடுத்திக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது. ஆகவே பின்கட்டில் ஒரு கொடிக்கயிறு கட்டிக்கொள்ளவும் அனுமதி வேண்டும். அறையைப் பயன்படுத்திய பிறகு தளத்தைத் தள்ளிவிட்டு உலர்த்துவது என் பொறுப்பு. ஒன்பது மணிக்கு ஒரு நிமிடமும் தாமதமாக என் இருக்கைக்கு வரமாட்டேன்.

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது, வெயில் முடியவில்லை. ஐப்பசி பிறந்தால் வியர்வைக்குப் பதில் மழையில் நனைந்து வந்து நிற்பேன், அப்போதும் உடை மாற்ற இடம் வேண்டும். அதற்குள் முடிவெடுங்கள் என்று கேட்கவில்லை. இந்த வாரமே எடுங்கள் என்று கேட்கிறேன். அறையின் சாவி பண்டக எழுத்தரின் மேசை இழுப்பறையில், சிவப்பு நாடா கட்டி இருக்கிறது. அதை என்னிடம் கொடுக்கச் சொல்லி நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரி கிடைக்கும்வரை, அறிவிப்பை மீறுகிறேன் என்பது தெரிந்தே, நாளைக் காலையும் நான் அதே கழிவறைக்குள்தான் உடை மாற்ற வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
பள்ளத்தூரிலிருந்து மிதிவண்டியில் வரும்
உங்கள் பணியாளர்