பால்டிக் கரையில், உடையில்லாமல், ஓர் இரவு: இளங்கோவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள இளங்கோ,

ஜெர்மனியின் ரோஸ்டோக்குக்குப் படிக்க வந்த இடத்தில் எஃப்.கே.கே. பழக்கம், அதாவது கடற்கரையில் உடையில்லாமல் இருக்கும் ஜெர்மானியப் பழக்கம், உனக்கு இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. பகலில் ரோஸ்டோக்கின் கடற்கரையான வார்னமுண்டேயில் பழகியாயிற்று, இனி பால்டிக் கரையின் சிற்றூரான ப்ரேரோ பக்கம் போய் இரவில் நட்சத்திரங்களுக்கு அடியில் அப்படியே படுத்துப் பார்க்க வேண்டும், என்னென்ன ஏற்பாடு தேவை என்று கேட்டிருக்கிறாய். கூச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்றும் கடைசியில் ஒரு வரி. இருட்டில் கூச்சம் பத்து நிமிடம்கூட நிற்காது. நிற்பது குளிர். அதனால் இந்தக் கடிதத்தில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். உடையில்லாமல் இருப்பது மட்டுமே ஜெர்மனியில் குற்றமில்லை. ஆனால் மற்றவர்களுக்குத் தொந்தரவு தரும் இடத்தில் அப்படி நின்றால், ஒழுங்குமீறல் சட்டத்தின் 118ஆம் பிரிவில் அபராதம் போடலாம். உச்சம் 1000 யூரோ. எஃப்.கே.கே. பலகை வைத்த பகுதிக்குள் இந்தக் கேள்வியே எழாது. இரவுதானே என்று பலகையைத் தாண்டிப் பக்கத்துப் பகுதியில் விரிக்காதே. நாயோடு நடக்க வருபவர்கள் நள்ளிரவிலும் வருவார்கள். இந்தப் பலகைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கிழக்கு ஜெர்மனி அரசு 1954இல் இந்தக் கரையில் நிர்வாணக் குளியலைத் தடைசெய்தது, மக்கள் விடவில்லை. 1956இல் குறித்த இடங்களில் அனுமதித்து ஆணை போட வேண்டியதாயிற்று. நம் ஊரில் இதே காரியம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவில் போய் முட்டும். விடுமுறைக்குப் போகும்போது மகாபலிபுரத்தில் முயன்று பார்க்க வேண்டாம்.

கரையில் கூடாரம் அடிக்கவோ விடியும்வரை தூங்கவோ நெருப்பு மூட்டவோ அனுமதி இல்லை. மணல்மேடுகளில் கால் வைப்பதும் கூடாது. கடல் ஊருக்குள் வராமல் காப்பது அந்த மேடும் அதைப் பிடித்து வைத்திருக்கும் புல்லும்தான். மரப்பலகைப் பாதை போட்ட இடத்தில் மட்டும் மேட்டைக் கட. ஆகவே திட்டம் இப்படி இருக்கட்டும்: கூடாரம் அடிக்க அனுமதியுள்ள முகாமிடத்தில் இடம் பிடித்துக்கொள், கரையில் இரண்டு மூன்று மணி நேரம் இரு, பிறகு எழுந்து போய்க் கூடாரத்தில் தூங்கு. ரோஸ்டோக்குக்கு அந்த நேரத்தில் திரும்பப் பேருந்து கிடைக்காது.

எப்போது போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜூன் மாதம் இதமாக இருக்கிறதே என்று கிளம்புவார்கள். போனால் வானமே இருட்டாது. ப்ரேரோ வடக்கே 54 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏறக்குறைய மே 10 முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்குவதே இல்லை; அவ்வளவு இறங்கினால்தான் முழு இருட்டு. நள்ளிரவிலும் வடக்கே வெளுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ப்ரேரோ கரை பார்ப்பதும் வடக்கைத்தான். அந்த மாதங்களில் போனால் பார்க்க வேண்டியது வேறு: ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வடக்கு அடிவானத்தில் நீலவெள்ளிச் சரிகைபோல ஒளிரும் மேகங்கள் சில இரவுகளில் தெரியும். 80 கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பனித்துகள்கள் அவை. அழகுதான், ஆனால் பால்வீதி வேண்டுமென்றால் ஆகஸ்ட்.

ஆகஸ்ட் 12 வாக்கில் முழு இருட்டு இரவு 11.45க்குத்தான் வரும், 2.45க்குள் கலைந்துவிடும். செப்டம்பர் தொடக்கத்தில் 10.20க்கே இருட்டிவிடும். என் ஓட்டு ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் முதல் வாரத்துக்கும். கடல் கோடை முழுக்க வாங்கிய வெப்பத்தை இன்னும் வைத்திருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும். ஆண்டுதோறும் ஆகஸ்டில் பொழியும் பெர்சீட் எரிகற்கள்தான் வேண்டுமென்றால் ஆகஸ்ட் 12, 13. 2026இல் அமாவாசை சரியாக 12ஆம் தேதி விழுகிறது, நிலவுத் தொல்லை அறவே இல்லை. மணிக்கு நூறு என்று செய்தியில் சொல்வது, எரிகற்கள் கிளம்பும் புள்ளி தலைக்கு நேர் மேலே இருந்து வானமும் குறையற்றதாக இருந்தால் கிடைக்கும் கணக்கு. நள்ளிரவுக்குப் பின் அதில் பாதி கண்ணில் பட்டாலே நல்ல இரவு.

இனி குளிர். உடையில்லாமல் அசையாமல் இருக்கும் உடலுக்குச் சிரமமில்லாத காற்று வெப்பம் 28 டிகிரிக்கு மேல். பால்டிக்கின் ஆகஸ்ட் இரவு 15, 16. இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாதது மேலே இருப்பது. சும்மா படுத்திருக்கும் உடல் சுமார் 100 வாட் வெப்பம் உண்டாக்குகிறது. மேகமில்லாத வானம், சுற்றியுள்ள காற்றைவிட 15 டிகிரிக்கு மேல் குளிர்ந்த கூரைபோல நடந்துகொள்ளும். மல்லாந்து படுத்தால் மார்பும் வயிறும் தொடையும் அந்தக் கூரையை நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். மேல்பக்க இழப்பு மட்டுமே அந்த 100 வாட்டை நெருங்கிவிடும். அதற்கு மேல் காற்றும் மணலும் தங்கள் பங்கைக் கேட்கும். நட்சத்திரம் நன்றாகத் தெரியும் இரவுதான் அதிகம் குளிரும் இரவு, அதே காரணத்தால். மேகம் ஒன்று வந்து மூடினால் உடம்பு சட்டென்று உணரும்.

அதனால் மணிக்கணக்கில் வெற்றுடம்போடு படுத்துக் கிடக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடு. நடைமுறை இது: பதினைந்து இருபது நிமிடம் உடையில்லாமல், பிறகு அங்கிக்குள் அரைமணி, மறுபடியும் வெளியே. அங்கி என்றால் தடித்த துவாலைத் துணியில் தைத்த, தலைமூடி வைத்த குளியலங்கி. இழுத்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே வர வேண்டும். மெல்லிய மைக்ரோஃபைபர் துவாலை பகலுக்குச் சரி, இரவுக்கு உதவாது. அங்கியைத் திறந்து மணலில் போட்டுவிட்டால் அரைமணியில் பனி இறங்கி நனைந்துவிடும்; நீர்புகாப் பைக்குள் சுருட்டி, எழாமலே கை எட்டும் இடத்தில் வை. கம்பளிக் குல்லாயும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டு மற்றபடி ஒன்றுமில்லாமல் படுத்திருப்பது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். பார்ப்பதற்குத்தான் வெளிச்சமில்லையே. அந்த இரண்டும் இருந்தால் பதினைந்து நிமிடம் இருபத்தைந்தாகும்.

கீழே போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். மணலின் மேற்பரப்பு சூரியன் போனதும் வேகமாகக் குளிர்ந்துவிடும். பகல் சூடு ஒரு கை ஆழத்தில்தான் மிஞ்சியிருக்கும். அலை நனைக்கும் பகுதிக்கு அருகில் விரிக்காதே, ஈரமணல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். உலர்ந்த மணலில் முதலில் ஒரு தார்ப்பாய், அதன்மேல் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத ஃபோம் பாய், அதன்மேல் கம்பளிப் போர்வை, எல்லாவற்றுக்கும் மேல் உன் துவாலை. துவாலை இல்லாமல் எதன்மேலும் உட்காராமலிருப்பது எஃப்.கே.கே.யின் எழுதாத விதி. அது இருட்டிலும் மாறாது. வெறும் காற்றடைத்த மெத்தையை நம்பாதே. உள்ளே காற்று சுழன்றுகொண்டே முதுகுச் சூட்டைக் கீழே கடத்தும். காற்றுத் தடுப்புத் துணியைக் காற்று வரும் பக்கம் இரண்டு கையாக வளைத்து ஊன்று. கம்புகள் ஒரு முழமாவது மணலுக்குள் போக வேண்டும்.

தெர்மாஸில் தேநீர் எடுத்துக்கொள், பீர் வேண்டாம். மது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து இதமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே உள்வெப்பத்தை வெளியேற்றும். அங்கியின் முடிச்சைப் போட விரல்கள் தடுமாறினால் அன்றைய இரவு முடிந்தது என்று பொருள். எழுந்து, எல்லா உடையையும் போட்டு, நட.

கடலில் இறங்குவது பற்றிக் கேட்டிருந்தாய். ஆகஸ்ட் கடைசியில் நீர் 18 டிகிரியை ஒட்டி இருக்கும், காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும். அதனால் இறங்கும்போது இதமாகத் தெரியும். ஏமாற்றும் இதம் அது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தை எடுக்கும். ஐந்து நிமிடம் போதும், இடுப்பளவு ஆழம், கரைக்கு இணையாக மட்டும். தனியாக இறங்கவே கூடாது. ஒருவர் கரையில் உடையோடு நிற்க வேண்டும். அவர் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் எரிய வேண்டும், ஏனென்றால் நீரிலிருந்து பார்க்கும்போது இருட்டில் கரை முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கும். தெற்குக் காற்று வீசும் இரவில் இறங்காதே. கடல் குளம்போல அமைதியாகத் தெரியும், ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது. உடம்பில் திறந்த காயம் இருந்தாலும், அன்றைக்கே சவரம் செய்து வெட்டுப்பட்டிருந்தாலும் வேண்டாம். நீர் 20 டிகிரியைத் தாண்டிய கோடைகளில் காயம் வழியே உடம்புக்குள் நுழையும் விப்ரியோ பாக்டீரியா இந்தக் கடலில் பெருகும். அரிதுதான், ஆனால் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு ஆபத்து. வெளியே வந்ததும் முதல் வேலை தலைமுதல் கால்வரை ஒட்டத் துவட்டுவது. கரைக்கு வந்த பிறகும் சில நிமிடங்கள் உள்வெப்பம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், நடுக்கம் தாமதமாக வந்தால் பயப்படாதே, அங்கிக்குள் போ.

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம். கைபேசியை ஒரு முறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. நெற்றிவிளக்கில் சிவப்பு ஒளி இருக்க வேண்டும், அதையும் மற்றவர்கள் பக்கம் திருப்பாதே. உடையில்லாதவர்கள் நடுவே வெள்ளை டார்ச்சை அடிப்பதைப் போன்ற அநாகரிகம் வேறில்லை. கேமரா முக்காலியும் அப்படித்தான். பால்வீதியைத்தான் எடுக்கிறாய் என்றாலும் அருகில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, லென்ஸைக் கடல் பக்கம் திருப்பி வை. மேற்கே டார்ஸர் ஓர்ட் கலங்கரை விளக்கம் மின்னிக்கொண்டிருக்கும், 1848இலிருந்து அங்கே இருப்பது. தலைமாட்டை அந்தப் பக்கம் வைத்துவிட்டால் கண்ணில் அடிக்காது.

தலைக்கு அருகே வேகாவும் தெனெபும், தெற்கில் பாதி உயரத்தில் நம் திருவோணம். கேட்டை நட்சத்திரத்தைத் தேடாதே. சென்னையில் 50 டிகிரி உயரம் ஏறும் அது, இங்கே 9 டிகிரியைத் தாண்டுவதில்லை; ஆகஸ்டில் இருட்டுவதற்குள் மரங்களுக்குப் பின்னால் போய்விடும். அதற்கு ஈடாகத் துருவ நட்சத்திரம். ஊரில் 13 டிகிரியில் கட்டடங்களுக்குள் ஒளிந்துகொள்வது, இங்கே கடலுக்கு மேல் 54 டிகிரியில் நிற்கும்.

பூச்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் பக்கம் காற்றிருந்தால் கொசு குறைவு. தெற்கே போடன் காயலின் நாணல் ஓரம் கொசுக்காடு, அங்கே போகாதே. கொசுவை விரட்டும் இகாரிடின் 20 சதவீதம் உள்ள பூச்சு போதும். மெல்லிய தோலும் சளிச்சவ்வும் உள்ள இடங்களில் படாமல் பார்த்துக்கொள், எரிச்சல் தாங்காது. உண்ணி மணலில் இருக்காது, கரைக்கு வரும் புல்வழியிலும் காட்டுவழியிலும் இருக்கும். அங்கே முழுக்கால்சட்டை போட்டுத்தான் நடக்க வேண்டும். கூடாரத்துக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், மயிரோரம் எல்லாம் தடவிப் பார். இருந்தால் நுண்சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு, எண்ணெய் ஊற்றாதே. அடுத்த ஒரு மாதத்தில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் விரிந்தால் உடனே மருத்துவரிடம் போ. சாப்பாட்டை மூடிய டப்பாவில் வை, பக்கத்திலுள்ள டார்ஸ் காட்டின் பன்றிகள் கரைக்கே வரும். செப்டம்பரில் காட்டுக்குள்ளிருந்து வரும் அலறல் செம்மான் கிடாக்களுடையது, இணைசேரும் பருவம். அவை உன் பக்கம் வராது.

சாவியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடு. பை இல்லாத உடம்பில் முதலில் தொலைவது அதுதான்.

உன் அறைத்தோழருக்கு நட்சத்திரம் பிடிக்கும், உடை கழற்ற மனமில்லை என்று எழுதியிருந்தாய். வற்புறுத்தாதே. இருட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஜாக்கெட்டோடு வரட்டும். நீ நீரில் இறங்கும்போது கரையில் விளக்கோடு நிற்க உடையோடு ஒருவர் எப்படியும் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்